அறுபது இருக்கை, ஒரு பெயர்

வெஸ்ட் சோர்லண்ட் லூத்தரன் தேவாலயத்தைத் திரும்பத் திறப்பதற்கான பாதுகாப்புத் திட்டம் நாற்பத்தாறு பக்கம் வந்திருந்தது. எழுதியவர் வெர்லின் ஆமட். முப்பத்திரண்டு வருஷம் பயிர்க் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். ஆலங்கட்டி மழையையும் வெள்ளத்தையும் சொல்லிச் சொல்லி ஊரைப் பயமுறுத்தியே பிழைத்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு கொள்ளைநோயே கிடைத்தபோது முகத்தில் ஒரு பொலிவு வந்தது. முகக்கவசத்துக்கு மேலேயே அது தெரிந்தது.

திட்டத்தை மூன்று முறை தட்டச்சு செய்தவள் ஆர்டிஸ் ஃபாஸி. பத்தொன்பது வருஷமாக அந்தத் தேவாலயத்தின் அலுவலகத்தை நடத்துகிறவள். கை கழுவும் முறைக்கு ஆறு பக்கம், கதவைத் திறக்கும் முறைக்கு இரண்டு பக்கம், தரையில் ஒட்ட வேண்டிய அம்புக்குறிகளுக்கு வரைபடத்தோடு நான்கு பக்கம் என்று முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரி. தேவாலயம் மூடியிருந்த மாதங்களில் இறந்துபோனவர்களின் பெயர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்படும், ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை மணி அடிக்கப்படும்.

மூன்று பெயர்கள். இரண்டு பேர் முதியோர் இல்லத்தில் போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அரிசோனாவில் இருந்தார்கள். மூன்றாவது பெயர் மைலோ ஃபாஸி, அவளுடைய கணவன்.

மைலோ ஏப்ரல் இரண்டாம் வாரம் போனான். கொரோனா இல்லை, இதயம். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அடக்கத்துக்குப் பத்துப் பேர் என்றார்கள். ஆர்டிஸ், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள், பாஸ்டர், பெட்டி கொண்டுவந்த ஆள். ஆயிற்று பத்து. மைலோ பெட்டிக்குள் இருந்ததால் கணக்கில் சேரவில்லை. இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி, ஊரில் பாதிப் பேரைப் பனியிலும் சேற்றிலும் கொண்டுபோய் விட்டவனுக்கு வாழ்க்கையின் முடிவில் வந்த கூட்டம் ஒரு வேனில் அடங்கியது.

அவன் பெயரை வாசிக்கும்போது முன்னால் ஆட்கள் இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. மினசோட்டாவின் அந்த மூலையில் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது இரவு உடையோடு கடைத்தெருவுக்குப் போவதைப் போல.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, திட்டத்தை ஒப்புக்கொள்ளத் தேவாலயக் குழு கூடியது. நிலவறைக் கூடத்தில் ஆறடிக்கு ஒரு நாற்காலி. பேசியது ஐந்தே பேர்தான் என்றாலும் வயலுக்கு வயல் கூப்பிடுவதைப் போல எல்லோரும் கத்த வேண்டியிருந்தது. ஆர்டிஸ் குறிப்பெடுத்தாள்.

"பாட்டு கிடையாது," என்றார் வெர்லின். "பாடறப்பதான் எச்சில் ரொம்ப தூரம் தெறிக்குதுன்னு ஆராய்ச்சியே வந்திருக்கு."

"வாய மூடிக்கிட்டு முனகலாமா?" கேட்டவர் ஓர்லின் பாக்கி. சர்க்கரை பீட்ரூட் விவசாயி, ஆர்டிஸ் வீட்டுக்கு அடுத்த நிலம் அவருடையது.

வெர்லின் பக்கங்களைப் புரட்டினார். "முனகறதுன்னா என்னன்னு முதல்ல வரையறுக்கணும்."

"நாங்க நாப்பது வருஷமா வாய மூடிக்கிட்டுதான் பாடுறோம் வெர்லின். சந்தேகமா இருந்தா ஆர்கன் வாசிக்கிற அம்மாவக் கேட்டுப் பாருங்க."

பாஸ்டர் ஜோலின் ராஸ்க் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். முப்பத்தெட்டு வயது, மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ்டர். சிரிப்பை அடக்க முகக்கவசம் எவ்வளவு உதவி என்று அந்த வருஷம்தான் அவர் கண்டுபிடித்திருந்தார்.

முனகலும் தடைசெய்யப்பட்டது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பெஞ்சுகளை ஓர்லின் கொடுத்த ஆரஞ்சு நிற வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டிவிடுவதென்று முடிவானது. அரசாங்கம் பாதி இருக்கைகளுக்கு அனுமதி தந்திருந்தது. அரசாங்கத்துக்குப் பொறுப்பு போதாது என்று கருதிய வெர்லின் கால்வாசிதான் என்றார். ஆக அறுபது பேர். வர விரும்புகிறவர்கள் வியாழக்கிழமை நண்பகலுக்குள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஐம்பத்தெட்டுக் குடும்பங்களுக்கும் கடிதம் போயிற்று.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே தொலைபேசி அடித்தது.

"ஆர்டிஸ், ஞாயித்துக்கிழமைக்கு எங்க பேர எழுதிடாத."

"எழுதல."

"அறுபது பேருக்குத்தான் எடமாமே. வயசானவங்க யாராவது ஆசப்படுவாங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும்."

இதைச் சொன்ன அம்மாளுக்கு எண்பத்து மூன்று வயது.

அடுத்து ஒருவர், தான் வந்தால் பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு இடம் போய்விடும் என்றார். ஆறு பிள்ளைகளோடு இருந்த குடும்பத்திலிருந்து பேசிய பெண், நாங்களே எட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் தனியாளாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்றாள். தனியாளாக இருந்தவர் கூப்பிட்டுத் தனக்கென்ன, இன்னொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம், குடும்பமாக வருகிறவர்கள் வரட்டும் என்றார். மூன்றரை நாளில் நாற்பத்தோரு அழைப்புகள். எல்லாமே வரமாட்டோம் என்று தெரிவிக்க.

வியாழன் நண்பகலில் பட்டியலில் இருந்தது ஒரே பெயர்: வெர்லின் ஆமட். அவர் மனைவி மார்லிஸ்கூட மறுத்துவிட்டாள். "என் எடத்த யாருக்காவது குடுத்துடு ஆர்டிஸ். அவரு ஒருத்தரே ரெண்டு எடத்துக்கு உக்காருவாரு."

பன்னிரண்டு ஐந்துக்கு வெர்லின் வந்தார். கையைக் கழுவினார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி கையைக் கழுவினார்.

"புள்ளிவிவரம் தெளிவா சொல்லுது. சனங்க இன்னும் தயாரா இல்ல. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இருபது பேராவது சேரணும். இல்லேன்னா செப்டம்பருக்கு ஒத்திவெச்சிடலாம். ஒரு விதத்துல இது வெற்றிதான் பாருங்க. தொற்று ஏற்பட வாய்ப்பே இல்ல."

"ஆளே இல்லாம எப்படி ஏற்படும்?" என்றாள் ஆர்டிஸ்.

"அதத்தான் சொல்றேன்."

"பேர் வாசிக்கிறது?"

"அதையும் செப்டம்பர்ல வெச்சுக்கலாம். செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காதுமடல் சிவந்தது. திட்டத்தின் ஏதோ ஒரு பக்கத்தை எடுத்து மும்முரமாகப் படித்துக்கொண்டே வெளியே போனார்.

ஆர்டிஸ் அழவில்லை. காபி போட்டாள். அந்த நேரத்தில் பலிபீடத் துணிகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு லவோன் ஸ்டென்ஸ்ரூட் வந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"காபி குடிக்கிறியா?"

"வேணாம்டி. இப்பத்தான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"எனக்காக எதுக்குச் செரமப்படுற?"

"போட்டாச்சு. வீணாத்தான் போகும்."

"சரி, அப்ப அரைக் கப்பு."

அந்த ஊரில் காபி இப்படித்தான் உள்ளே போகும். முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்கிறவன் பேராசைக்காரன். இரண்டாம் தடவையில் வாங்குகிறவன் வெளியூர்க்காரன். லவோன் வழக்கம்போல அரைக் கப்பாக மூன்று முறை குடித்தாள். மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸின் கை பாதியில் நின்றது.

"லவோன், வெர்லின் ஒரு தடவதான் கேட்டிருக்காரு."

"யார?"

"எல்லாரையும். ஒரே ஒரு கடுதாசி."

லவோன் கப்பைக் கீழே வைத்தாள். "ஒரே தடவ கேட்டு மார்லிஸ எப்படித்தான் கட்டிக்கிட்டானோ."

"ஞாயித்துக்கிழம நீ வருவியா?"

"அய்யோ, வேற யாராவது..."

"எடம் இருக்கு."

"இல்லடி, எனக்காக..."

"அம்பத்தொம்பது எடம் காலியாக் கெடக்கு லவோன்."

"அப்படின்னா ஒரு ஓரமா. பின்னாடி."

ஆர்டிஸ் இரண்டாவது பெயரை எழுதினாள். பிறகு தொலைபேசியை அருகே இழுத்து வைத்துக்கொண்டாள்.

வியாழன் சாயங்காலத்துக்குள் மீதி வீடுகள் எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டாள். இரண்டாம் கேள்விக்கு எதிர்பார்த்தபடி இரண்டாம் மறுப்பு வந்தது. ஆனால் குரல்கள் இளகியிருந்தன. வெள்ளி காலை மூன்றாவது சுற்றைத் தொடங்கினாள். இங்கேதான் சிக்கல். காபி என்றால் ஊற்றியது ஆறிப்போகும், அதற்காகவாவது குடிக்க வேண்டும். பெஞ்சு ஆறுவதில்லை. ஆகவே பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரி நழுவினார்கள். வேறு யாரும் வராவிட்டால் சொல்லு, வருகிறோம். பதினொரு மணிக்கு ஒன்பது பெயர்கள் இருந்தன. ஐந்து மணிக்கு வெர்லின் வருவார்.

பத்தாவது அழைப்பு ஓர்லினுக்கு. அவர் வயலில், டிராக்டரில் இருந்தார்.

"வேற யாரும் வரலேன்னா வர்றேன் ஆர்டிஸ்."

"எல்லாரும் அதேதான் சொல்றாங்க."

டிராக்டரின் இரைச்சல் நின்றது. இப்போது காற்று மட்டும் கேட்டது.

"நாங்க வரணும்னு உனக்கு இருக்கா?"

"எடம் காலியா இருக்கேன்னு சும்மா கூப்பிட்டேன்."

"எடத்தப் பத்திக் கேக்கல. உன்னப் பத்திக் கேக்குறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஓர்லின். உனக்கு ஆயிரம் வேல இருக்கும்."

"வேல எங்கயும் ஓடிப்போகாது. இன்னொரு தடவ கேக்குறேன். நாங்க வரணுமா?"

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் தெரியும். ஏப்ரலில் தோண்டிய இடத்தில் இன்னும் புல் பிடிக்கவில்லை.

"மைலோ பேர வாசிக்கப் போறாங்க," என்றாள். "பத்துப் பேர வெச்சுக்கிட்டுப் பொதச்சேன். இப்ப பேர வாசிக்கிறப்ப வெர்லின் ஒருத்தரு மட்டும் உக்காந்திருந்தா என்னால தாங்கமுடியாது. ஆமா, வரணும்."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பதரை."

"சரி."

தொலைபேசி வைக்கப்பட்டது. அந்த ஊரில் ஒரு அழைப்பை முடிக்க வானிலையில் தொடங்கிக் குறைந்தது பத்து நிமிடம் விடைபெற வேண்டும். ஒரே சொல்லில் முடித்துவிட்டால் ஒன்று வீடு பற்றி எரிகிறது, அல்லது பேசியவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஓர்லின் வயலில் எரிவதற்கு ஒன்றுமில்லை.

ஆர்டிஸ் அடுத்த எண்ணைச் சுழற்றினாள். அதே வாக்கியத்தை அங்கேயும் சொன்னாள். அதற்கு அடுத்த வீட்டிலும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இரவு உடையில் தெருவில் நிற்பதைப் போலத்தான் இருந்தது. ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏழாவது வீட்டில் அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே, "ஓர்லின் வீட்டம்மா சொல்லிட்டாங்க. எங்க நாலு பேரையும் எழுதிக்க" என்றார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவர்களே கூப்பிட்டார்கள். இரண்டே முக்காலுக்கு அறுபது நிறைந்தது. மூன்றரைக்கு ஆறு பிள்ளைக்காரி பேசினாள். "எடம் இல்லேன்னு தெரியும். நாங்க வெளியில நிக்கிறோம். புல்லுல நிக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே?"

ஐந்து மணிக்கு வந்த வெர்லின் பட்டியலைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"அறுபதா?"

"அறுபதுதான். நீங்க போட்ட கணக்கு."

"அது உச்ச வரம்பு! அந்த அளவுக்கு நெசமாவே வருவாங்கன்னு நான் எதிர்பார்க்கலையே."

"நேத்து யாரும் வரலேன்னு கவலப்பட்டீங்க."

"கவலப்படல. நிம்மதியாத்தான் இருந்தேன்," என்றார் வெர்லின், அபூர்வமான நேர்மையோடு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வாசலில் நின்றார். ஒரு கையில் பட்டியல், இன்னொரு கையில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி. ஆறடி நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அறுத்து, முனையில் சிவப்புச் சாயம் பூசிக் கதவில் சாய்த்து வைத்திருந்தார். வெப்பமானி மலிவுச் சரக்கு. முதலில் வந்த ஐந்து பேருக்கு உடம்புச்சூடு தொண்ணூற்று மூன்று காட்டியது. அந்தக் கணக்குப்படி வெஸ்ட் சோர்லண்டில் யாரும் உயிரோடு இல்லை.

"எங்கள வெச்சுப் பாக்குறப்ப அது சரியாத்தான் இருக்கும்," என்றார் ஓர்லின்.

ஒன்பதேகாலுக்கு வண்டி நிறுத்துமிடம் நிறைந்தது. இடம் உள்ள அறுபது பேரோடு இடம் இல்லாத ஐம்பது பேரும் வந்திருந்தார்கள். ஆர்டிஸ் படிக்கட்டின் ஓரத்தில் மகன்களோடு நின்று பார்த்தாள். மனசு நிறைந்தது. பிறகு மெல்ல அது கலவரமானது. ஏனென்றால் யாருமே உள்ளே போகவில்லை.

"நீங்க போங்க, எங்களுக்கு வெளியிலயே காத்து நல்லாருக்கு."

"அதெப்படி? உங்க பேருதான் பட்டியல்ல இருக்கு."

"இருந்தா என்ன? உங்களுக்கு முட்டி வலி. நீங்க போய் உக்காருங்க."

"முட்டி வலின்னா நின்னாத்தான் நல்லதாம்."

கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே பளபளவென்று அம்புக்குறிகள், ஆரஞ்சுக் கயிறு, ஆளில்லாத பெஞ்சுகள். வெளியே நூற்றுப்பத்துப் பேர் ஆறடிக்கு ஒருவராக நின்று ஒருவருக்கொருவர் இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதில் முதலில் தோற்பவன் மரியாதை கெட்டவன். ஒன்பதரை ஆயிற்று, ஒன்பது நாற்பத்தைந்து ஆயிற்று. பாஸ்டர் ஜோலின் பத்தேகாலுக்குக் கிளம்பினால்தான் பதினொரு மணிக்கு அடுத்த ஊர் தேவாலயத்தில் நிற்க முடியும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை ஆர்டிஸ் பார்த்தாள். ஆராதனையைச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது எது என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தோராம் பக்கம் எப்போதும் கடைசியில்தான் வரும்.

அவள் பாஸ்டரிடம் போனாள். ஆறடியில் நின்றாள். வெள்ளிக்கிழமை ஆறேழு தடவை சொல்லிப் பழகியிருந்ததால் இது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"பாஸ்டர், மத்தது எது போனாலும் பரவாயில்ல. பேரு மட்டும் வாசிச்சுடுங்க."

பாஸ்டர் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேல்படியில் ஏறி நின்றார். "எல்லாரும் இருக்கிற எடத்துலயே நில்லுங்க. ஆராதனை இங்கயே நடக்கும்."

வெர்லின் திட்டத்தைப் புரட்டிக்கொண்டு ஓடிவந்தார். "பாஸ்டர், வெளியில நடத்தறதுக்கு ஒரு வரிகூட இதுல இல்ல."

"உள்ள எத்தன பேரு இருக்காங்க வெர்லின்?"

"யாரும் இல்ல."

"அப்ப உங்க திட்டம் ஒரு எழுத்து மீறாம நடந்துக்கிட்டிருக்கு. அந்தக் கட்டைய எடுத்துக்கிட்டுப் போய் இவங்களக் கொஞ்சம் சரியா நிறுத்துங்க."

இதை வெர்லின் நன்றாகவே செய்தார். வேலை என்று ஒன்று கிடைத்தால் அந்த மனிதரிடம் குறையே சொல்ல முடியாது. சட்டத்தை நீட்டி நீட்டிப் புல்வெளியிலும் சரளைக்கல்லிலும் கல்லறைத் தோட்டத்து வேலி வரைக்கும் ஆட்களை நிறுத்தினார். குடும்பங்களைச் சேர்த்து நிறுத்தினார். முட்டி வலிக்காரருக்கு உள்ளேயிருந்து ஒரு நாற்காலி வந்தது. அவர் இரண்டு தடவை மறுக்க வெர்லின் நேரம் கொடுக்கவில்லை.

பாஸ்டர் ஒரு ஜெபம் சொன்னார். ஒரு சங்கீதம் வாசித்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்தார். முதல் பெயர், ஒரு மணி. இரண்டாவது பெயர், ஒரு மணி.

"மைலோ ஜெரால்ட் ஃபாஸி."

லவோன் மணிக் கயிற்றை இழுத்தாள். மணி மற்ற இரண்டுக்கும் அடித்த அதே அளவுதான் அடித்தது. நூற்றுப்பத்துப் பேரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு குழந்தை ஏதோ கேட்டது, அதன் அம்மா, "நம்ம பஸ்ஸு மைலோ" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஆர்டிஸ் தலை குனியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாதிதான் தெரிந்தது, ஆனால் யார் யார் என்று தெரிந்தது. வேலியோரம் நின்றவர்கள்வரை பார்த்து முடித்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

பத்தேகாலுக்குப் பாஸ்டரின் கார் கிளம்பியது. கூட்டம் கிளம்பவில்லை. வெர்லின் கலைந்து போகும் ஒழுங்கை அறிவிக்க வாயெடுத்தார். அதற்குள் ஓர்லின் நடந்துபோய் ஆர்டிஸுக்கு ஆறடி தள்ளி நின்று தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, அவருக்குப் பின்னால் லவோன். பதினோரு வாரம் தாமதமாக, ஏப்ரலில் நின்றிருக்க வேண்டிய, துக்கம் விசாரிக்கும் வரிசை சரளைக்கல்லில் நின்றது.

"எழுபத்தொம்பதுல அடிச்ச பனிப்புயல்ல என் தங்கச்சிய வீட்டு வாசல் வரைக்கும் தூக்கிக்கிட்டு வந்தாரு," என்றார் ஒருவர். ஆர்டிஸுக்கு அது தெரியாது. "என் பையன் பஸ்ஸுல வாந்தி எடுத்தப்ப யாருகிட்டயும் சொல்லாம அவரே கழுவிட்டாரு," என்றாள் ஒருத்தி. அதுவும் தெரியாது. ஆளுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. வரிசை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியில் வெர்லின் வந்தார். மரச்சட்டத்தைத் தானே கீழே போட்டு, தன் தூரத்தைத் தானே அளந்து நின்றார்.

"குழுவின் சார்பாக," என்று தொடங்கினார். நிறுத்தினார். தொண்டையைக் கனைத்தார். கனைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

"நாப்பது வருஷத்துல மைலோ எங்கிட்ட மொத்தமே பத்து வார்த்த பேசியிருப்பாரு," என்றார். "அதுல ஒண்ணுகூட அனாவசியம் இல்ல. அன்னிக்கு ஆபீஸ்ல நான் பேசினது..."

"தெரியும் வெர்லின்."

"இல்ல, நான் சொல்லித்தான் ஆகணும். தப்பு."

ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள். நாற்பத்தாறு பக்கத்தில் எங்கேயும் அந்தச் சொல் வந்ததாக அவளுக்கு நினைவில்லை. மூன்று முறை தட்டச்சு செய்தவள் அவள்.

"உங்ககிட்ட பத்து வார்த்த பேசினாரா?" என்றாள். "கல்யாணம் ஆன முதல் வருஷம் எங்கிட்டகூட அவ்வளவு பேசல."

வெர்லினுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் சிரித்ததைக் கண்ணில் பார்த்த பிறகு அவரும் சிரித்தார். பிறகு இருவரும் உள்ளே போய், யாரும் உட்காராத பெஞ்சுகளிலிருந்து கயிறுகளை அவிழ்த்தார்கள்.